கடலுக்குப் போன சிறப்பு ரயில்கள்: பிளாக்பூல் நகரின் கதை

நாகூர் கந்தூரி நெருங்கினால் சிறப்பு ரயில் பற்றிய அறிவிப்பு வரும். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் அப்படித்தான். கோடை விடுமுறைக்கும் பெருநாளுக்கும் ஊர் திரும்ப நினைக்கும் குடும்பங்கள், "ஸ்பெஷல் ட்ரெயின் விட்டாச்சா?" என்று விசாரித்துக்கொண்டே இருக்கும். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் ஓடி, பிறகு கால அட்டவணையிலிருந்து மறைந்துவிடும் இந்த ரயில்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. அது ரயில் பிறந்த இங்கிலாந்திலேயே தொடங்குகிறது.

அங்கே இப்படிப்பட்ட ரயில்களாலேயே ஓர் ஊர் உருவானது. வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில், ஐரிஷ் கடலோரம் இருக்கும் பிளாக்பூல்தான் அந்த ஊர். ஆலைத் தொழிலாளர்களைக் கடற்கரைக்குக் கொண்டுபோன அந்த ரயில்களின் கதையில் மகிழ்ச்சியும் இருக்கிறது, மரணமும் இருக்கிறது. கூலி வாங்கும் மனிதனுக்கு ஓய்வு எப்படிக் கிடைத்தது என்ற கேள்விக்கு விடையும் இருக்கிறது.

ரயிலுக்கு முன்

1801ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிளாக்பூலில் இருந்தவர்கள் 473 பேர். கடல் நீரில் குளித்தால் நோய் தீரும் என்று அக்கால மருத்துவர்கள் சொன்னதை நம்பி, குதிரை வண்டி வைத்திருந்த வசதியானவர்கள் கோடையில் அங்கே வந்து தங்குவார்கள். ஏழைகளில் சிலர் பல மைல் தூரம் நடந்தே வருவதும் உண்டு.

பிளாக்பூலுக்குக் கிழக்கே, ஒரு நாள் நடை தூரத்துக்குள்ளும் அதற்குச் சற்று அப்பாலும், வேறோர் உலகம் இருந்தது. மான்செஸ்டர், போல்டன், பிளாக்பர்ன், பிரஸ்டன், பர்ன்லி, ஓல்டம் எல்லாம் பருத்தி ஆலை நகரங்கள். கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று நாம் அழைப்பதே இந்த வட்டாரத்தின் பெயரால்தான். அங்கே ஆண், பெண், சிறுவர் எல்லோரும் ஆலைகளில் வேலை செய்தார்கள். புகைக்கூண்டுகளின் கரி வீட்டுச் சுவரிலும் காயப்போட்ட துணியிலும் படிந்தது. அறைக்குள் பஞ்சுத்தூசி பறக்கும். தறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அதனால் நெசவாளர்கள் உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொள்ளப் பழகியிருந்தார்கள். அப்படி வாழ்ந்தவர்களுக்குக் கடல் காற்று என்பது தூரத்துக் கனவு.

1840இல் பிரஸ்டனிலிருந்து பிளீட்வுட் துறைமுகத்துக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. பிளாக்பூலுக்குப் போக வேண்டியவர்கள் வழியில் பூல்டன் நிலையத்தில் இறங்கி, மீதித் தூரத்துக்கு வண்டி பிடித்தார்கள். கூட்டம் பெருகவே, பூல்டனிலிருந்து ஒரு கிளைப்பாதை போடப்பட்டு, 1846 ஏப்ரல் 29 அன்று பிளாக்பூலுக்கு நேராக ரயில் வந்தது.

கட்டணம் குறைந்த கதை

பாதை போட்டுவிட்டால் மட்டும் ஏழை ரயில் ஏறிவிட முடியாது. தொடக்க கால ரயில் நிறுவனங்கள் வசதியானவர்களையும் சரக்கையும் நம்பியே பிழைத்தன. மூன்றாம் வகுப்புப் பயணிகளைக் கூரையில்லாத திறந்த பெட்டிகளில் ஏற்றிய காலம் அது. மழையும் என்ஜின் கரியும் அவர்கள் தலையில் விழும்.

1844இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு பாதையிலும் தினமும் குறைந்தது ஒரு ரயிலாவது எல்லா நிலையங்களிலும் நின்று செல்ல வேண்டும். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்கும் கூரை வேண்டும். கட்டணம் மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் போகக் கூடாது. நிற்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்கு 12 மைல் வேகமாவது இருக்க வேண்டும். சாதாரண மக்களின் ரயில் பயணத்துக்கு இந்தச் சட்டம்தான் அடித்தளம்.

ஆனால் உல்லாசப் பயண ரயில்கள் அதையும் விட மலிவாக ஓடின. இதற்கு முன்மாதிரி காட்டியவர்களில் ஒருவர் தாமஸ் குக். 1841 ஜூலை 5 அன்று, மதுவிலக்குப் பிரச்சாரக் கூட்டம் ஒன்றுக்காக அவர் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குச் சுமார் 500 பேரைத் தனி ரயிலில் அழைத்துப் போனார். ஆளுக்கு ஒரு ஷில்லிங். உழைப்பவர்கள் ஓய்வு நாளில் மதுக்கடைக்குப் போகாமல் இருக்க நல்ல மாற்று ஒன்று வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பின்னாளில் உலகின் பெரிய பயண நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்த தொழிலின் தொடக்கம் இதுதான்.

தெற்கே லண்டன் - பிரைட்டன் பாதையில், அஞ்சல்தலை முறையைக் கொண்டுவந்த ரோலண்ட் ஹில் சில ஆண்டுகள் ரயில் நிறுவனத் தலைவராக இருந்தார். கடிதத்துக்கு ஒரு பென்னி என்று கட்டணத்தைக் குறைத்தால் கடிதங்கள் பெருகும் என்று வாதாடி வென்றவர் அவர். ரயிலிலும் அதே கணக்கைப் போட்டார். 1844ஆம் ஆண்டு ஈஸ்டர் திங்கள்கிழமை லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்கு விட்ட மலிவு ரயிலில் கூட்டம் தாளாமல், வழியிலேயே பெட்டிகளும் என்ஜின்களும் சேர்க்க வேண்டியதாயிற்று. கடைசியில் 57 பெட்டிகளை 6 என்ஜின்கள் இழுத்துக்கொண்டு போயின.

இதன் கணக்கு எளிது. ஒரு ரயிலை ஓட்டும் செலவு, பெட்டி காலியாக இருந்தாலும் நிரம்பி வழிந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். பாதிக் கட்டணத்தில் பெட்டி முழுவதும் நிரம்பினால் நிறுவனத்துக்கு லாபம். பயணிக்கும் சில நிபந்தனைகள் இருந்தன. சொன்ன ரயிலில் போய், சொன்ன ரயிலிலேயே திரும்ப வேண்டும். வழியில் இறங்கக் கூடாது. இந்த நிபந்தனைகளை ஏற்றவர்களுக்குக் கடற்கரை எட்டும் தூரத்தில் வந்தது.

இங்கே நாம் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கலாம். நம் நாட்டில் கூட்டம் மிகுந்த நாட்களில் விடப்படும் சிறப்பு ரயில்கள் பலவற்றில் வழக்கமான கட்டணத்தை விடக் கூடுதலாக வசூலிக்கிறார்கள். அன்றைய லங்காஷயரில் சிறப்பு ரயில் என்றால், வழக்கத்தை விட மலிவான ரயில் என்று பொருள்.

ஊரே பூட்டிக்கொண்டு கிளம்பிய வாரம்

லங்காஷயர் ஆலை நகரங்களில் 'வேக்ஸ்' என்றொரு பழைய வழக்கம் இருந்தது. முதலில் அது ஊர்த் தேவாலயத் திருவிழா. பிறகு ஆலைகள் பெருகியபோது, ஆண்டுக்கு ஒருமுறை வரும் பொது விடுமுறையாக மாறியது. திருவிழா நாட்களில் தொழிலாளர்கள் எப்படியும் வேலைக்கு வர மாட்டார்கள் என்று கண்ட முதலாளிகள், அந்த நாட்களில் ஆலையையே மூடிவிடுவது நல்லது என்று முடிவு செய்தார்கள். கொதிகலனைச் சுத்தம் செய்யவும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கவும் அது வசதியாக இருந்தது.

இதில் சிறப்பு என்னவென்றால், எல்லா ஊருக்கும் ஒரே வாரத்தில் விடுமுறை வரவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒவ்வொரு நகரத்துக்கும் ஒவ்வொரு வாரம். ஒரு வாரம் ஓர் ஊர் ஆலைகள் மூடும். அடுத்த வாரம் இன்னோர் ஊர். விடுமுறை வந்த ஊரில் புகைக்கூண்டுகள் அணைந்து வானம் தெளியும். கடைகள் அடைத்துவிடும். தெருவே காலியாகும். எல்லோரும் ரயில் நிலையத்தில் இருப்பார்கள்.

இந்த ஒழுங்கே பிளாக்பூலின் அதிர்ஷ்டம். கோடை முழுவதும் வாரத்துக்கு ஓர் ஊர் என்று கூட்டம் முறை வைத்து வந்தது. ரயில் நிறுவனங்களும் ஒரே பெட்டிகளை வாரத்துக்கு ஓர் ஊருக்கு அனுப்ப முடிந்தது. ஒரே தெருவில் குடியிருந்து, ஒரே ஆலையில் வேலை செய்து, ஒரே ரயிலில் வந்த குடும்பங்கள், பிளாக்பூலிலும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் தங்கின.

ஆனால் அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. ஆலை மூடியிருந்தால் கூலியும் இல்லை. ஆகவே ரயில் கட்டணம், தங்கும் செலவு இரண்டோடு, வருமானம் இல்லாத அந்த ஒரு வாரச் செலவையும் முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும். இதற்காக ஆலைகளிலும் தெருக்களிலும் சேமிப்புக் குழுக்கள் உருவாயின. நம் பெண்கள் சீட்டுக் கட்டுவதைப் போல, வாரந்தோறும் சில பென்னிகள். விடுமுறைக்கு முந்தைய நாள் மொத்தமாகக் கையில் கிடைக்கும். ஆண்டு முழுவதும் சேமித்தது ஒரே வாரத்தில் கரையும். மறுவாரமே அடுத்த ஆண்டுக்கான சேமிப்பு தொடங்கும்.

அரசின் சட்டங்களும் ஓரளவுக்குக் கைகொடுத்தன. 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆலைகளில் பெண்களையும் இளையவர்களையும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை வாங்குவதைத் தடுத்தது. 1871ஆம் ஆண்டு வங்கி விடுமுறைச் சட்டம் ஆகஸ்டு முதல் திங்கள்கிழமை உட்படச் சில நாட்களைப் பொது விடுமுறையாக்கியது. அதன் பிறகு அந்த ஆகஸ்டுத் திங்கள்கிழமை, கடலோர ரயில்களில் நிற்கவும் இடமில்லாத நாளாகிவிட்டது.

ரயில் வளர்த்த ஊர்

1863இல் பிளாக்பூலுக்கு இரண்டாவது ரயில் நிலையம் வந்தது. கடற்கரைக்கு மிக அருகில் இருந்த அந்த நிலையம் 1878 முதல் சென்ட்ரல் என்று அழைக்கப்பட்டது. அதே 1863இல் கடலுக்குள் நீளும் முதல் நடைபாலம் திறக்கப்பட்டது. 1868இல் இரண்டாவது பாலம், 1893இல் மூன்றாவது. 1885இல் கடற்கரைச் சாலையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. பிரிட்டனில் அதற்கு முன்னோடிகள் மிகக் குறைவு. 1894இல், பாரிஸின் ஈஃபில் கோபுரத்தைப் பார்த்து உந்துதல் பெற்றுக் கட்டிய 518 அடி உயரக் கோபுரம் திறக்கப்பட்டது. சமவெளியில் வரும் ரயிலிலிருந்தே அது தெரியும். முதலில் கோபுரத்தைக் கண்டுபிடிப்பது யார் என்று பிள்ளைகள் ஜன்னலோரம் போட்டி போடுவார்கள்.

1881இல் சுமார் 14,000 ஆக இருந்த மக்கள்தொகை, 1901இல் ஏறத்தாழ 47,000 ஆனது. இருபது ஆண்டில் மூன்று மடங்குக்கு மேல்! வந்தவர்களில் பலர் வீட்டை விடுதியாக்கி நடத்திய பெண்கள். விதவைகளும், முன்பு ஆலையில் வேலை பார்த்தவர்களும் அவர்களில் உண்டு. விருந்தாளிகள் சமையல் பொருளைத் தாங்களே வாங்கிக் கொடுப்பார்கள். வீட்டுக்காரப் பெண் சமைத்துத் தருவார். அறைக்கும் சமைப்பதற்கும் மட்டும் பணம். மேசையில் வைக்கும் உப்பு, மிளகுக் குப்பிகளுக்குத் தனியாகக் கட்டணம் வாங்கிய வீடுகளும் இருந்தன. பிளாக்பூல் பற்றிய நகைச்சுவைகளில் அந்த வழக்கம் இன்றும் வருகிறது. ஆனால் பதினைந்து வாரத்தில் சம்பாதித்து ஐம்பத்திரண்டு வாரம் பிழைக்க வேண்டிய பெண்ணின் கணக்கு அது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கூட்டத்துக்கு ஈடுகொடுக்க நிலையங்கள் விரிந்தன. ஊரின் முதல் நிலையம் 1898இல் 16 நடைமேடைகளுடன் புதிதாகக் கட்டப்பட்டது. அவற்றில் 7 முதல் 16 வரை பத்து நடைமேடைகள் உல்லாச ரயில்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. 1900இல் சென்ட்ரல் நிலையம் 14 நடைமேடைகளோடு விரிவாக்கப்பட்டது. 1903இல் கிர்க்கம் என்ற இடத்திலிருந்து பிளாக்பூலுக்கு வழியில் நிலையமே இல்லாத ஒரு நேர்ப்பாதை போடப்பட்டது. கோடைக் கூட்டத்தை விரைவாகக் கொண்டுவந்து கொட்டுவதுதான் அதன் முக்கிய வேலை. நடுத்தர அளவுள்ள ஒரு கடலோர ஊருக்கு இரண்டு பெரிய நிலையங்களில் 30 நடைமேடைகள். குளிர்காலத்தில் அவற்றில் பெரும்பாலானவை வெறிச்சோடிக் கிடக்கும்.

மகிழ்ச்சிக்குக் கொடுத்த விலை

இத்தகைய ரயில்களில் ஓர் ஆபத்தும் மறைந்திருந்தது. வழக்கமான ரயில்களுக்கு நடுவே, அட்டவணையில் இல்லாத நீண்ட ரயில்கள் நுழையும். அவற்றில் பழைய பெட்டிகள், அளவுக்கு மீறிய கூட்டம், பாதைக்குப் புதிய ஓட்டுநர். அக்காலத்தில் பல பாதைகளில் ஒரு ரயில் போய் இத்தனை நிமிடம் கழித்து அடுத்ததை அனுப்பலாம் என்ற நேர இடைவெளி முறையே இருந்தது. முன்னால் போன ரயில் வழியில் நின்றுவிட்டால் பின்னால் வருபவருக்குத் தெரிய வழியில்லை.

1861 ஆகஸ்டு 25, ஞாயிற்றுக்கிழமை. பிரைட்டனிலிருந்து லண்டனுக்கு மூன்று ரயில்கள், அவற்றில் இரண்டு உல்லாச ரயில்கள், ஏழு நிமிடத்துக்குள் அடுத்தடுத்துக் கிளம்பின. குறைந்தது ஐந்து நிமிட இடைவெளி வேண்டும் என்ற விதி மீறப்பட்டது. வழியில் கிளேட்டன் சுரங்கப்பாதை. சுரங்கத்தின் இரு முனைகளிலும் இருந்த சிக்னல்காரர்களுக்கு இடையே தந்திச் செய்தியைப் புரிந்துகொள்வதில் குழப்பம் ஏற்பட்டது. இரண்டாவது ரயில் சுரங்கத்துக்குள் நின்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தபோது, மூன்றாவது ரயில் உள்ளே நுழைந்து மோதியது. 23 பேர் இறந்தார்கள். 176 பேர் காயமடைந்தார்கள்.

விசாரணையில் வெளிவந்த ஒரு செய்தி நம்மை உறுத்த வேண்டியது. நுழைவு முனையில் இருந்த சிக்னல்காரர் அன்று 24 மணி நேரத் தொடர் வேலையில் இருந்தார். விதிப்படி 18 மணி நேரம். வாரத்தில் ஒரு முழு நாள் விடுப்பு வேண்டும் என்பதற்காக அவர் 24 மணி நேரம் வேலை பார்த்தார். ஆயிரக்கணக்கானோர் ஞாயிறு ஓய்வை அனுபவிக்க, அவர்களுக்குப் பாதை காட்டியவருக்கு ஒரு நாள் ஓய்வு அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை.

அதைவிடக் கொடிய விபத்து 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தில் நடந்தது. அர்மா நகரத்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளையும் பெற்றோரையும் வாரன்பாயிண்ட் என்ற கடலோர ஊருக்கு அழைத்துப் போன ரயில் அது. 15 பெட்டிகளில் சுமார் 940 பேர் நெருக்கியடித்து இருந்தார்கள். சீட்டில்லாதவர்கள் ஏறாதபடி கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. செங்குத்தான மேட்டில் என்ஜின் திணறி நின்றுவிட்டது. பாதிப் பெட்டிகளை முதலில் மேலே கொண்டுபோகலாம் என்று ரயிலை இரண்டாகப் பிரித்தார்கள்.

அந்த ரயிலின் பிரேக், என்ஜினோடு இணைப்பு இருக்கும்வரை மட்டுமே பிடிக்கும். இணைப்பைக் கழற்றினால் விட்டுவிடும். பின்பகுதி, கார்டின் கைப்பிரேக்கையும் சக்கரத்துக்கு அடியில் வைத்த கற்களையும் நம்பி நின்றது. முன்பகுதி கிளம்பும்போது சற்றே பின்னால் வந்து இடித்ததில் கற்கள் நொறுங்கின. பிள்ளைகள் நிறைந்த பெட்டிகள் சரிவில் உருண்டு வேகமெடுத்தன. கதவுகளோ பூட்டியிருந்தன. அடுத்து வந்துகொண்டிருந்த ரயிலில் மோதி 80 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் சிறுவர் சிறுமியர்.

பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குச் செலவு அதிகம் என்று ரயில் நிறுவனங்கள் பல ஆண்டுகளாகத் தட்டிக்கழித்து வந்தன. அர்மாவுக்குப் பிறகு அந்தப் பேச்சு எடுபடவில்லை. அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் மூன்றைக் கட்டாயமாக்கியது. முதலாவது, ஒரு பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரே ரயில்தான் இருக்க வேண்டும். இரண்டாவது, சிக்னலும் பாதை மாற்றும் கருவியும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு, முரணான சைகை காட்ட முடியாதபடி இருக்க வேண்டும். மூன்றாவது, எல்லாப் பெட்டிகளிலும் தொடர் பிரேக் வேண்டும். ரயில் இரண்டாகப் பிரிந்தால் அது தானாகவே பிடிக்க வேண்டும். இன்று ஓடும் ரயிலில் பெட்டி கழன்றால் அதுவாகவே நின்றுவிடுவது இந்தப் பாடத்தின் பயன்தான்.

விளக்குகளுக்காக ஓடிய ரயில்கள்

கோடை முடிந்தால் கூட்டம் குறையும். அதை எப்படி நீட்டிப்பது என்று பிளாக்பூல் நகராட்சி யோசித்தது. 1879 செப்டம்பரில் கடற்கரையில் எட்டு மின்வில் விளக்குகளை ஏற்றிக் காட்டியபோதே பெருங்கூட்டம் திரண்டிருந்தது. எடிசன் தமது மின்குமிழை மக்களுக்குக் காட்டுவதற்கு முன்பே நடந்தது இது. 1912 மே மாதம் இளவரசி லூயிஸ் கடற்கரைச் சாலையின் புதிய பகுதியைத் திறந்து வைக்க வந்தார். அதற்காகச் சுமார் 10,000 மின்குமிழ்களால் சாலையை அலங்கரித்தார்கள். வியாபாரிகள் விடவில்லை, செப்டம்பரிலும் அதே அலங்காரம் வேண்டும் என்று கேட்டார்கள். பிளாக்பூலின் ஒளி அலங்கார விழா பிறந்தது இப்படித்தான்.

முதல் உலகப்போரில் நின்று 1925இல் மீண்டும் தொடங்கிய அந்த விழா, இலையுதிர் காலத்திலும் சிறப்பு ரயில்களை ஓட வைத்தது. பிற்பகலில் கிளம்பி, மாலையில் வந்து, விளக்குகளைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பும் பயணம். மறுநாள் காலை ஆலைச் சங்கு ஊதும்போது வேலைக்குப் போக வேண்டும். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, குளிரில் நிலையத்திலிருந்து வீடு வரை நடந்த தகப்பன்மார் எத்தனை பேர்! இரண்டாம் உலகப்போரில் மீண்டும் இருட்டடிப்பு. 1949இல்தான் விளக்குகள் மறுபடியும் எரிந்தன.

சம்பளத்தோடு விடுமுறை

ஏறத்தாழ நூறு ஆண்டுகள், இந்தப் பயணங்கள் எல்லாம் கூலியில்லாத விடுமுறையில் நடந்தவை. தொழிற்சங்கங்களின் நீண்ட கோரிக்கைக்குப் பிறகு 1938இல் சம்பளத்துடன் கூடிய விடுமுறைச் சட்டம் வந்தது. அரசு வாரியங்கள் ஊதியம் நிர்ணயித்த தொழில்களில் ஆண்டுக்கு ஒரு வாரம் சம்பளத்தோடு விடுப்புக்கு அது வழி செய்தது. மறுஆண்டே போர் மூண்டுவிட்டதால், அதன் பலனை மக்கள் முழுமையாக அனுபவித்தது 1945க்குப் பிறகுதான். போர் முடிந்த கையோடு பிளாக்பூலுக்கு மீண்டும் கூட்டம் குவிந்தது.

அதே காலத்தில் லங்காஷயரின் முகம் மாறத் தொடங்கியது. 1950களிலும் 60களிலும் குஜராத்திலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் பிளாக்பர்ன், போல்டன், பிரஸ்டன் போன்ற ஊர்களுக்கு வேலை தேடி வந்தன. உள்ளூர்க்காரர்கள் விரும்பாத இரவு ஷிப்டுகளில் ஆலைத் தறிகளை ஓட்டியவர்களில் அவர்கள் கணிசமானவர்கள். ஆனால் அவர்கள் வந்து சேர்ந்தபோது ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. ஆலை மூடியதும் வேக்ஸ் வாரத்துக்கும் பொருளில்லாமல் போயிற்று.

தண்டவாளம் சாலையான கதை

ரயில்களும் அடங்கின. கார் வாங்கும் வசதி பெருகியது. விமானத்தில் ஸ்பெயின் நாட்டுக் கடற்கரைக்குப் போவது மலிவானது. 1963இல் பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவர் ரிச்சர்டு பீச்சிங் வெளியிட்ட அறிக்கை, பருவகால ரயில்களின் செலவைக் கணக்கிட்டது. ஆண்டில் 18 தடவைக்கு மேல் தேவைப்படாத பெட்டிகள் சுமார் 6,000 இருந்தன. அவற்றுக்கு ஆண்டுச் செலவு 34 லட்சம் பவுண்டு. வருமானமோ 5 லட்சம் பவுண்டு. இனி அப்படிப் பெட்டிகளை வைத்திருக்க முடியாது என்பது அவருடைய முடிவு.

கணக்கு என்ற வகையில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெட்டிகள் நின்ற பிறகு, கார் இல்லாத குடும்பம் கூட்டமான நாட்களில் எப்படிக் கடலுக்குப் போகும் என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

பிளாக்பூலில் வடக்கு நிலையத்தை மூடிவிட்டு சென்ட்ரலை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் அறிக்கை சொன்னது. நகராட்சியோ, கடற்கரையை ஒட்டிய விலைமதிப்புள்ள சென்ட்ரல் நிலத்தை வேறு வகையில் பயன்படுத்த விரும்பி, நேர்மாறாகச் செய்ய வலியுறுத்தியது. 1964 நவம்பரில் சென்ட்ரல் நிலையம் மூடப்பட்டது. 14 நடைமேடைகள் இருந்த இடம் பெரும்பாலும் கார் நிறுத்துமிடமாயிற்று. 1903இல் போட்ட நேர்ப்பாதையும் 1965இல் மூடப்பட்டது. 1986இல் அந்தப் பாதையின் மேட்டிலேயே யீடன் வே என்ற சாலையை அமைத்தார்கள். இன்று நெடுஞ்சாலை வழியாக பிளாக்பூலுக்குக் காரில் வருபவர்கள், தங்களை அறியாமலேயே பழைய உல்லாச ரயில் வந்த மண்மேட்டின் மீது வந்து, ரயில் நின்ற நிலத்திலேயே காரை நிறுத்துகிறார்கள்.

வடக்கு நிலையத்திலும் 1898இல் எழுந்த பெரிய கட்டடம் 1970களில் இடிக்கப்பட்டது. உல்லாச ரயில் பயணிகளுக்காக 1938இல் அமைத்த கான்கிரீட் கூரைப் பகுதியே இன்றைய நிலையமாக மாறியது. முதல் வகுப்புப் பயணிகள் நடந்த முகப்பு மறைந்துவிட்டது. கூலித் தொழிலாளர்கள் வரிசையில் நின்ற இடம் எஞ்சியிருக்கிறது.

இன்று வடக்கு நிலையத்தில் 6 நடைமேடைகள். 2018 முதல் மின்சார ரயில் வருகிறது. தெற்கு நிலையத்தில் ஒரே நடைமேடை, ஒற்றைப் பாதை. ஒளி அலங்காரம் இன்றும் சுமார் 6 மைல் நீளத்துக்கு நடக்கிறது. பார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் கார்களில் ஊர்ந்தபடி பார்க்கிறார்கள்.

நமக்கு என்ன?

இந்த வரலாற்றில் பயணம் செய்தவர்கள் யாரும் பெரிய மனிதர்கள் அல்லர். தறியில் நின்றவர்கள், நூல் நூற்றவர்கள், நிலக்கரி அள்ளியவர்கள். ஆண்டுக்கு ஒரு வாரம், சில நேரம் ஒரே ஒரு நாள், பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்று வாரா வாரம் காசு சேர்த்தார்கள். அந்த ஆசைக்கு ஒரு மலிவான ரயில் சீட்டு வழி திறந்தது. பிறகு சட்டங்கள் அந்தப் பயணத்துக்குப் பாதுகாப்பையும், அந்த நாட்களுக்குச் சம்பளத்தையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தன. எதுவும் தானாகக் கிடைத்துவிடவில்லை.

நம் குடும்பங்களிலும் இத்தகைய கணக்குகள் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் மகனோ தகப்பனோ ஆண்டுக்கு ஒரு மாத விடுப்பில் வருவார். கடையில் வேலை பார்க்கும் பிள்ளைக்குப் பெருநாளுக்கு மட்டுமே விடுமுறை. அந்தச் சில நாட்களுக்குள் எல்லோரும் சேர்ந்து ஒரு நாளாவது கடற்கரைக்குப் போய் வர வேண்டும் என்று திட்டமிடுவோம். அப்படிக் கிளம்பும்போது நமக்காக அன்றும் வேலையில் இருப்பவர்களை மறக்க வேண்டாம். ரயில் ஓட்டுநர், சிக்னல் பார்ப்பவர், தேநீர் விற்கும் பையன், வீட்டில் நமக்குச் சமைத்துத் தருபவர் எல்லோரும் அவர்களில் உண்டு. கிளேட்டன் சுரங்க முனையில் 24 மணி நேரம் நின்ற மனிதரின் கதை சொல்வது இதைத்தான்: ஒருவரின் ஓய்வு இன்னொருவரின் ஓய்வைப் பறித்துக் கிடைக்கக் கூடாது. நம் கடையிலும் வீட்டிலும் வேலை செய்பவருக்குச் சம்பளத்தோடு ஒரு நாள் விடுப்புக் கொடுத்து, அவர் பிள்ளைகளும் கடலைப் பார்த்து வரட்டும் என்று அனுப்புவது நம்மால் முடிகிற காரியம்தான்.